ஒரு பள்ளிவாசலின் வயது

நமது ஊர்ப் பள்ளிவாசலின் தென்புற வாயிலுக்கு மேலே ஒரு கருங்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் நான்கு வரிகள் அரபு எழுத்து. கடைசி வரியில் ரஜப் மாதமும் ஹிஜ்ரி 1311 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. சிறுவயதில் ஓதப் போன நாட்களில் அந்த வாயிலின் நிழலில்தான் செருப்பைக் கழற்றி வைப்போம். ஆயிரக்கணக்கான முறை அதனடியில் நடந்திருக்கிறோம். ஆனால், கருத்தூன்றி அக்கல்லைப் படித்தது இரண்டே முறைதான். முதன்முறை 2007ஆம் ஆண்டு. இரண்டாம் முறை 2021ஆம் ஆண்டு. இவ்விரு வாசிப்புகளுக்கும் இடையில் நம்மால் விளைந்த ஒரு தவற்றைப் பற்றியே எழுத எடுத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன் ஒரு கணினியை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போனார். தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது. பிறகு என்ன எழுதுவது என்று தேடியபோதுதான் தமிழ் விக்கிப்பீடியா நம் கண்ணில் பட்டது. கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அதில், எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் 'தொகு' என்றொரு சொல் இருக்கும். அதை அழுத்தினால் கட்டுரை நமக்குத் திறந்துகொள்ளும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யாரும் சம்பளம் தருவதும் இல்லை.

அந்நாள்வரை கலைக்களஞ்சியம் என்றால் நமக்கு நினைவுக்கு வந்தவை வேறு. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள் நமது பள்ளி நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தன. எம். ஆர். எம். அப்துர் ரஹீம் அவர்கள் தொகுத்த இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் வாப்பாவின் மேசையில் இருந்தது. வீட்டில் வாக்குவாதம் எழும்போதெல்லாம் அதுதான் நடுவர். அத்தகைய நூலில் எழுத இடம் பெற்றவர்கள் துறை அறிந்த அறிஞர்கள். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கலைக்களஞ்சியத்தில் எழுதலாம் என்பது நமக்கு நம்புதற்கரியதாக இருந்தது. இதன் முன்னோடியாக 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்ட நூபீடியா, அறிஞர்கள் பல படிகளில் சரிபார்த்த பின்னரே வெளியிடுவது என்ற கண்டிப்போடுதான் நடந்தது. 2003இல் மூடப்படும் வரை அதில் ஒப்புதல் பெற்ற கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதன் பக்கத்திலேயே 2001 சனவரியில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடப்பட்ட விக்கிப்பீடியாவோ வெள்ளம்போல் பெருகியது. தமிழில் அது 2003இல் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் வளைகுடா நாட்டில் கட்டடக்கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரங்களில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அதில் எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தனது இயல் விருதை அவருக்கு அளித்தது. வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்ற நம் குடும்பங்களுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும். அங்கே கழியும் மாலைப் பொழுதுகள் எல்லாம் வீணாகவில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

நிற்க. நமது ஊரைப் பற்றி அதில் ஏற்கெனவே ஒரு கட்டுரை இருந்தது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த நான்கு வரிகள்: இத்தனை பேர் வசிக்கிறார்கள், ஆண்கள் இத்தனை விழுக்காடு, பெண்கள் இத்தனை விழுக்காடு, எழுத்தறிவு இவ்வளவு. ஊரின் உயிர் எதுவும் அதில் இல்லை. நமக்கு ஆர்வம் மேலிட்டது. அன்று அஸர் தொழுகைக்குப் பின் தென்வாயிலில் நின்று கல்லைப் படித்தோம். ஹிஜ்ரி 1311. வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தோம். அப்போது நடந்துகொண்டிருந்தது ஹிஜ்ரி 1428, கிறித்தவ ஆண்டு 2007. இரண்டுக்கும் வேறுபாடு 579. ஆகவே 1311உடன் 579ஐக் கூட்டினோம். 1890 என்று வந்தது. 'இப்பள்ளிவாசல் 1890ஆம் ஆண்டில் கட்டப்பட்டது' என்று எழுதி, அதன் கீழே ஊரின் மரக்கலங்களையும் முத்துக் குளித்தலையும் பற்றி இரண்டு பத்திகள் சேர்த்துப் பதிந்துவிட்டு எழுந்தோம். கல்லில் இருந்த ஹிஜ்ரி ஆண்டை எழுதவில்லை. வாசகர்களுக்குக் குழப்பம் வேண்டாமே என்று அதை விட்டுவிட்டோம். செய்த பிழைகளுள் பெரியது எது என்று கேட்டால் இந்த விடுபடலைத்தான் சொல்வோம். கூட்டல் பிழையை யாரும் பின்னர் கண்டுபிடிக்கலாம், எதைக் கூட்டினோம் என்பதையே மறைத்துவிட்டால் எவரால் கண்டுபிடிக்க இயலும்?

சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, நாம் எழுதிய ஆண்டின் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'மேற்கோள் தேவை' என்று ஒரு குறி ஒட்டப்பட்டிருந்தது. முப்பதாண்டுகள் வரலாறு கற்பித்தவரிடம் சான்று கேட்பதா என்று சினம் வந்தது. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், நாம் யார், எத்தனை தலைமுறையாக அந்த ஊரில் வாழ்கிறோம் என்றெல்லாம் எழுதினோம். பெயர் தெரியாத அந்தப் பங்களிப்பாளர் மிகப் பணிவாக விடையளித்தார். தங்கள் அறிவை நாங்கள் ஐயுறவில்லை ஐயா, தங்களை அறியாத ஒருவர் நாளை இதைப் படிக்கும்போது எதைக் கொண்டு சரிபார்ப்பார் என்பதுதான் கேள்வி என்றார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்தது. தென்வாயிலின் மேலேயே இருந்தது. ஆயினும் தன்மானம் குறுக்கே நின்றதால் நாம் பதில் எழுதவில்லை. குறி அப்படியே இருந்தது. ஏறத்தாழ எட்டாண்டுகள் இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சான்று கேட்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஹதீஸ்களைத் திரட்டிய இமாம்கள், செய்தியை மட்டும் எழுதிவைக்கவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்ற இஸ்னாத் என்னும் சங்கிலியையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே தனி ஒரு கலை வளர்ந்தது. ஓர் அறிவிப்பாளர் தொழுகையாளியாக இருக்கலாம், பொய்யே பேசாதவராக இருக்கலாம். ஆயினும் அவருடைய நினைவாற்றல் பலவீனமானது என்று தெரிந்தால் அவருடைய அறிவிப்பை ளயீஃப் என்று ஒதுக்கத் தயங்கமாட்டார்கள். முதுமையில் நினைவு குழம்பிப்போனவர்களைப் பற்றி, எந்தக் காலத்துக்கு முன்பு அவர்களிடம் கேட்டது ஏற்கத்தக்கது என்றுகூடக் குறித்து வைத்தார்கள். நல்லவர் சொன்னார் என்பது போதாது. இதை நாம் மதரஸாவில் ஓதியிருந்தும், நம்மிடம் ஒருவர் சங்கிலியைக் கேட்டபோது நமது நரைத்த தாடியையே சங்கிலியாகக் காட்டினோம்.

2015ஆம் ஆண்டு வந்தது. 1890இலிருந்து எண்ணினால் நூற்றிருபத்தைந்து ஆண்டுகள். ஜமாஅத்தார் விழா எடுத்தார்கள். வெளிநாடுகளில் உள்ள ஊர்ப்பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். பள்ளிவாசலின் முகப்பில் புதிய வளைவு ஒன்று எழும்பி, அதில் வெண்பளிங்கில் 'நிறுவப்பட்டது 1890' என்று பொறிக்கப்பட்டது. சிறப்பு மலர் ஒன்றும் அச்சாயிற்று. பள்ளியின் வரலாற்றை மலருக்கு எழுதிய இளைஞர், ஊரில் பெரியவர்களைக் கேட்பதற்கு முன்பே கைப்பேசியில் தேடியிருக்கிறார். கலைக்களஞ்சியத்தில் இருந்த நமது இரண்டு பத்திகளும் ஏறக்குறைய சொல் மாறாமல் மலருக்குள் ஏறின. ஐயக்குறி மட்டும் ஏறவில்லை. அச்சில் அதற்கு இடமேது? மலரின் மூன்றாம் பக்கத்தில் நமது நிழற்படமும் வாழ்த்துரையும் வெளியாயின. மேடையில் சால்வை போர்த்தினார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

அடுத்த ஆண்டு, வளைகுடாவில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் கலைக்களஞ்சியத்தில் அந்த மலரையே மேற்கோளாகச் சேர்த்து, ஐயக்குறியை எடுத்துவிட்டார். அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை. அச்சிட்ட நூல், பக்க எண், வெளியிட்டோர் பெயர் எல்லாம் முறையாகக் கொடுத்திருந்தார். நமக்கோ, கடைசியில் நாம் சொன்னது நிலைபெற்றது என்ற பெருமிதம். நமது சொல்லே ஊரைச் சுற்றிவிட்டு வந்து நமக்குச் சாட்சி சொல்கிறது என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை.

இத்தகைய விபத்து நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்கைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், அதற்குப் 'பிரேசில் நாட்டு ஆர்டுவார்க்' என்றொரு பெயரும் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். ஆர்டுவார்க் ஆப்பிரிக்காவில் வாழும் விலங்கு, இரண்டுக்கும் உறவில்லை. சில ஆண்டுகளில் அப்பெயர் செய்தித்தாள்களில் வந்தது, நூல்களிலும் வந்தது. பிறகு அவையே கட்டுரைக்குச் சான்றுகளாயின. 2014இல் நியூயார்க்கர் இதழ் உண்மையை எழுதிய பின்னரே உலகம் அதை அறிந்தது. அவர் வேடிக்கைக்காகச் செய்தார், நாம் பெருமைக்காகச் செய்தோம் என்பதைத் தவிர வேறுபாடு அதிகமில்லை.

2021ஆம் ஆண்டு, நோய்த்தொற்றுக் காலத்து ஊரடங்கில், பெண்கள் மதரஸாவில் ஓதும் நமது பேத்தி வீட்டில் இருந்தாள். ஒருநாள் ஊரைப் பற்றிய கட்டுரையைக் காட்டி, நாம் எழுதியது என்று பெருமையோடு சொன்னோம். அவள் படித்தாள். கல்லில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சொன்னோம். சற்று நேரம் விரலைவிட்டு எண்ணினாள். எங்கள் ஊரில் பாட்டனாரை அப்பா என்றே அழைப்பது வழக்கம்.

"அப்பா, ரமளான் வருடா வருடம் பதினோரு நாள் முன்னால் வந்துவிடுகிறதே, அந்த நாட்களையெல்லாம் நீங்கள் எங்கே விட்டீர்கள்?"

நமக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினோரு நாட்கள் குறைவு. ஆகவே இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்றும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. ஹிஜ்ரத் நிகழ்ந்த காலத்தில் 621ஆகவும் 622ஆகவும் இருந்த வேறுபாடு, ஏறக்குறைய முப்பத்திரண்டு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு ஒன்றாகக் குறைந்து குறைந்து இன்று 579க்கு வந்திருக்கிறது. கல் பொறிக்கப்பட்ட காலத்தில் அது 579 அன்று. ஹிஜ்ரி 1311 தொடங்கியது 1893 சூலையில். அதன் ரஜப் மாதம் 1894ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. சூலை 1893க்கு முன் ஹிஜ்ரி 1311 என்ற ஆண்டே பிறக்கவில்லை. நாமோ பள்ளிவாசலை 1890இலேயே கட்டி முடித்துவிட்டோம்! நோன்பும் பெருநாளும் கோடையிலிருந்து மழைக்காலத்துக்கு நகர்ந்து போவதை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டு வந்த நமக்கு, ஒரு கூட்டல் கணக்கில் அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பஜ்ருக்குப் பின் மீண்டும் கல்லைப் படித்தோம். சுண்ணாம்பு அப்பியிருந்த எண்களை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். 1311தான், ஐயத்துக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டுரையைத் திறந்து 1890ஐ அழித்து 1894 என்று எழுதினோம். மாலைக்குள் அது மீண்டும் 1890 ஆகிவிட்டது. திருத்தியவர் அதே மாணவர். இரவு அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"சார், யாரோ ஆண்டை மாற்றியிருந்தார்கள். நீங்கள்தான் என்று பிறகுதான் பார்த்தேன். மலரில் 1890 என்றுதானே அச்சாகியிருக்கிறது? அதில் உங்கள் வாழ்த்துரையே இருக்கிறதே சார்."

மலருக்கு அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொன்னோம். கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' என்றொரு பக்கம் உண்டு. எந்த நாளில், எந்த மணியில், எந்தப் பயனர் எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்பது அதில் பதிந்திருக்கும். 2007ஆம் ஆண்டின் அந்தப் பதிவைத் திறந்து பார்க்கச் சொன்னோம். பார்த்தார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியானால் கல்லின் படம் வேண்டும் சார், நீங்கள் சொன்னீர்கள் என்று மட்டும் நான் மாற்ற முடியாது" என்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்குச் சினந்தோம். அன்றிரவு, இப்படி ஒரு மாணவரை உருவாக்கினோமே என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

பேத்தி எழுதிக் கொடுத்தபடி ஊர் ஆலிம்சா அவர்கள் கல்லின் நான்கு வரிகளையும் சரிபார்த்தார். படம் எடுத்து, எவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினோம். உரையாடல் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினோம். சில பங்களிப்பாளர்கள் வந்து ஆராய்ந்தார்கள். ஹிஜ்ரியிலிருந்து மாற்றுவது எவரும் செய்து பார்க்கக்கூடிய வழக்கமான கணக்கு என்றும், அதைப் புத்தாய்வு என்று ஒதுக்க வேண்டியதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். இன்று கட்டுரையில் முதலில் கல் சொல்லும் ஹிஜ்ரி ஆண்டும், பிறகு 1894உம், அதன்பின் சிறப்பு மலரும் வளைவும் 1890 என்று சொல்கின்றன என்ற செய்தியும் இருக்கின்றன.

எனவே இக்கலைக்களஞ்சியத்தை நம்பலாமா என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? 2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ், நாற்பத்திரண்டு தலைப்புகளில் ஆங்கில விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறிஞர்களிடம் கொடுத்துப் பார்த்தது. முன்னதில் 162 குறைகளும் பின்னதில் 123 குறைகளும் கண்டார்கள். பிரிட்டானிக்கா அந்த ஆய்வுமுறையை மறுத்து எழுதியது. ஆயினும் பெரும் பெயர் கொண்ட நூலிலும் குறை உண்டு என்பதை அதன் வாசகர்கள் அறிந்துகொண்டார்கள். ஆனால், அந்தக் கணக்கு பல்லாயிரம் கண்கள் பார்க்கும் ஆங்கிலத்துக்கு உரியது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ள தமிழில், அவற்றைக் காவல் காப்பவர்கள் மிகச் சிலர். 2009ஐ ஒட்டிக் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்திக் கட்டுரைகளைக் குவித்தபோது, எண்ணிக்கை கூடுகிறதே என்று மயங்காமல், இந்தத் தமிழ் தமிழாக இல்லை என்று தடுத்துப் பேசியவர்களும் அந்தச் சிலர்தாம். அவர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தடியில் நம் ஊர்களை அறிந்தவர்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? நமது ஊரின் கட்டுரையில் ஒரு பிழை பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தது, அறிந்தவர் எவரும் அந்தப் பக்கம் போகாததால். போன ஒருவர், பிழை செய்தவரே.

ஒரு செய்தியை அதில் படித்தால் அடிக்குறிப்பைத் திறந்து பார் என்று பேத்திக்குச் சொல்லியிருக்கிறோம். அடிக்குறிப்பு எந்த ஆண்டு அச்சான நூல், அந்த வரி கட்டுரையில் ஏறியது எந்த ஆண்டு, எது முந்தியது என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். 'மேற்கோள் தேவை' என்ற குறியோடு நின்ற எட்டாண்டுகளில் நமது கட்டுரை தன் நிலையை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. பொய்யாகிப் போனது அடிக்குறிப்பு கிடைத்த பிறகுதான்.

ஜமாஅத் தலைவரிடம் பளிங்கைப் பற்றிப் பேசினோம். "நாலு வருடம்தானே வாத்தியார், வளைவை இடிக்கவா சொல்கிறீர்கள்?" என்றார். இடிக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு சிறு பலகை வைக்கலாம் என்றோம். அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்றார். கூட்டங்கள் பல நடந்துவிட்டன.

கலைக்களஞ்சியத்தைத் திருத்திவிடலாம், வீடுகளில் உள்ள மலர்களைத் திருத்துவது எப்படி? சென்ற ஆண்டு முதல், யார் வீட்டுக்குப் போனாலும் அந்த மலரைக் கேட்டு வாங்கி, வரலாற்றுப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் 'ரஜப் 1311, 1894' என்று எழுதிக் கையொப்பமிட்டு வருகிறோம். இதுவரை பதினொரு வீடுகள் ஆயின. பன்னிரண்டாவதாக அந்த மாணவரின் வீட்டுக்குப் போனோம். அவருடைய உம்மா மலரைக் கொண்டு வந்து காட்டினார். பட்டுத் துணியில் சுற்றி, நிக்காஹ் பத்திரத்தோடு பெட்டியில் வைத்திருந்தார். பேனாவை எடுத்ததும் மலரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என் மகன் பாலைவனத்தில் வெயிலில் நின்று அனுப்பிய காசில் அச்சானது வாத்தியார். இதில் கிறுக்காதீர்கள்."

நாம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். அவர் தேநீர் கொண்டுவந்தார்.